டிரங்கால் அக்காவின் இரண்டாவது பந்து

நான் புட்பால் ஆடிய நாட்களில் எங்கள் கிளப்பில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, லெப்ட் பேக், அதாவது இடது பக்கக் காவல். மற்றொன்று, நாங்கள் ஒரு கோல் முன்னால் இருக்கும்போது பந்தை டிரங்கால் அக்கா வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் உதைப்பது. முதல் வேலை எனக்கு அவ்வளவாக வராது. இரண்டாவதில் என்னை மிஞ்ச அன்றைய செங்கல்பட்டில் ஆள் கிடையாது.

மைதானம் ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்தது. மில் முதலாளிதான் எங்கள் கிளப்புக்குத் தலைவர். அவர் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆனால் மைதானம் அவருடையது, கோல் கம்பம் அவருடையது, பதினோரு ஆட்டக்காரர்களில் எட்டுப் பேர் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். நானும் அந்த எட்டில் ஒருவன். லாரியில் மூட்டை ஏறும்போது சீட்டு எழுதுகிற உத்தியோகம்.

மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் ஆளுயர மதில். அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். வீடும் முதலாளிக்குச் சொந்தம்தான். அதில் மில்லின் எடை குமாஸ்தா குடியிருந்தார். அவருடைய மனைவியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பெயரும் என் பெயரும் ஏற்கெனவே ஒருமுறை ஒரே காகிதத்தில் வந்திருக்கின்றன, அது போதும்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த காலம் அது. லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம். "நல்லா கீறியா, நானும் நல்லா கீறேன், மழை கீதா, இங்க இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு பெண் குரல் நுழையும்: "மூணு நிமிஷம் ஆச்சு." ஊரில் பாதிப் பேருக்கு முகம் தெரியாமல் அந்தக் குரலை மட்டும் தெரியும். அதனால் டிரங்கால் அக்கா.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு வரும்போது மற்றவர்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அக்கா காதில் மாட்டிக்கொண்டே வந்துவிட்டார் என்று தோன்றும். பால்காரர் அளந்துகொண்டே ஊர்க்கதை ஆரம்பித்தால், "பால ஊத்து, கதைய நாளைக்கி ஊத்து" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, "எந்த தேதி? எங்க? சரி, வரேன்" என்று வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது எந்த மாதம் முடியும் என்று தெரியாது. எடை குமாஸ்தா எது சொன்னாலும் "அது வந்து..." என்று ஆரம்பிப்பார். பிறகு தொண்டையைச் செருமுவார். மேலே ஓட்டைப் பார்ப்பார். அதற்குள் அக்கா அவருடைய கேள்வியையும் கேட்டு, அதற்குப் பதிலும் சொல்லி, அடுப்படிக்குப் போயிருப்பார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த மனிதர் எத்தனை வாக்கியங்களை முழுசாக முடித்திருப்பார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தெரிந்து ஒன்று. அதற்கு வருகிறேன்.

முதலாளி ஒருநாள் பம்பாய்க்கு டிரங்கால் போட்டார். பம்பாயில் யாரோ அரிசி புரோக்கர். முதல் மூன்று நிமிஷம் குடும்ப சௌக்கியம் விசாரிப்பதிலேயே போய்விட்டது. வியாபாரத்துக்கு வரும்போது குரல் நுழைந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு சார்."

"யாரு பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது சார். உங்க வூட்லதான் குடி கீறேன். அச்சரப்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் காலையிலேர்ந்து இங்க வந்து நின்னுகினு கீறார். ஆஸ்பத்திரி விஷயம். அவருக்கு லைன் குடுக்கணும்."

லைன் போய்விட்டது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி ஆபீஸே அதிரக் கத்தினார். சீட்டு எழுதிக்கொண்டிருந்த நான் அதையெல்லாம் கேட்டுவிட்டு, மிகவும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். முதலாளி கோபப்படும்போது வருத்தமாக இருப்பது என் உத்தியோகத்தில் சேர்ந்தது.

இனி என் இரண்டாவது வேலைக்கு வருகிறேன்.

எழுபது நிமிஷ மேட்ச். கடைசிக் கால் மணி நேரத்தில் நாங்கள் முன்னால் இருந்தால் எங்கள் கேப்டன் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிவார். அதுதான் அடையாளம். நான் பந்தை மதிலைத் தாண்டி உதைப்பேன். எதிர் டீம்காரன் போய் எடுத்துவந்துவிடப் போகிறான் என்று, நியாயஸ்தனைப் போல, "நான் அடிச்சேன், நானே எடுத்தாரேன்" என்று கிளம்புவேன். மைதானத்தைச் சுற்றி, தெருவுக்குப் போய், முனை திரும்பி, கேட்டைத் திறந்து, செருப்பில்லாத காலில் முள் குத்தாமல் பார்த்து நடந்து, பந்தை எடுத்து, அதே வழியில் திரும்புவேன். நாலு நிமிஷம் ஆகும். மனசு வைத்தால் ஆறு. அதற்குள் கோல் காக்கிற எங்கள் கோலி தசைப்பிடிப்பு என்று படுத்திருப்பான்.

முதல் சில தடவை அக்கா கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஒருநாள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"போன தபா நாலு நிமிஷம். இன்னிக்கி ஆறு. கால்ல இன்னா, ஆணியா?"

"இல்லக்கா."

"அப்ப இன்னாத்துக்கு மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி வர்ற?"

அடுத்த வாரம் நான் மைதானத்தின் முனையைத் தாண்டுவதற்குள் பந்து மதிலுக்கு மேலே பறந்து வந்து உள்ளே விழுந்தது. எங்கள் கேப்டன் அதை ஒரு பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொண்டு யோசித்து, "கெணத்துல அடி" என்றார். அடித்தேன். ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. வாளி விட்டுப் பந்தை எடுக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. அதற்கடுத்த மாதம் கிணற்றுக்கு மேலே மூங்கில் தட்டி வந்துவிட்டது. ஓட்டின் மேலே அடித்தேன். அக்கா தொரட்டி வாங்கிவிட்டார். தெருவில் மற்ற வீடுகளில் பந்து விழுந்தால் அரிவாள்மனையால் கிழித்துப் போடுவார்கள். அதுகூட எங்களுக்குச் சௌகரியம்தான், மேட்ச் அதோடு நின்றுவிடும். இந்த அம்மாள் ஒருத்தர்தான் பந்தை உடனே திருப்பிக் கொடுத்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தவர்.

இதையெல்லாம் மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்க ஒரு கூட்டம் உண்டு. மதில் நிழலில் தினமும் விவாதம் நடக்கும். தலைமை, ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். எங்களுக்கு கார்டு சார். அவரிடம் அட்டை கிழிந்த இங்கிலீஷ் விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. எதிர்க்கட்சி, மில் வாசல் டீக்கடைக்காரர். அவரிடம் புத்தகம் கிடையாது, அதனால் விதிகள் அதிகம்.

"டிரெயின் அவுட்டர் சிக்னல்ல நின்னா, நின்ன நிமிஷத்த நான் டைரில எழுதுவேன்யா" என்பார் கார்டு சார். "யார் பேர்ல தாமதம்னு எழுதணும். இங்க எவன் எழுதறான்? பந்து நின்னா கடியாரத்த நிறுத்தணும். ரூலை மாத்தணும்."

"கடியாரம் கெடக்கட்டும் சார். பந்த மதிலுக்கு அந்தாண்ட அடிக்கிறவனத் தூக்கி அவனையும் அந்தாண்ட போட்றணும். மேட்ச் முடியிற வரிக்கும் அங்கியே கெடக்கட்டும்."

"கோலி இன்னா பண்றான் பாத்தியா? பேக் அவனுக்குத் தட்டறான், அவன் கைல எடுக்கிறான், தரையில தட்டறான், மறுபடி பேக்குக்குத் தரான். மாடு அசை போட்ற மாதிரி. தன் ஆளு கால்ல தட்டினத கோலி கைல தொடக்கூடாதுன்னு ஒரு ரூல் போடு, அப்பால பாரு!"

"படுத்துகினு கெடக்கிறானே, அவன வெளிய தூக்கிப் போட்டுட்டு ஆட்டத்த நடத்து. தன்னால எழுந்துடுவான்."

பிற்காலத்தில் உலகம் இவற்றில் பலவற்றை மிகவும் யோசித்துக் கண்டுபிடித்தது என்று பேப்பரில் படித்தேன். செங்கல்பட்டு டீக்கடைக்காரருக்கு யாரும் ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை.

இந்த விவாதத்தின் நடுவில் ஒருநாள் மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது. அந்தப் பக்கம் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"ரெண்டு வருஷமா இதத்தான் பேசிகினு கீறீங்க. நான் சோறு ஆக்கிகினே கேட்டுகினு கீறேன். ஒருத்தராவது எழுந்து போயி, இவனுங்க இப்பிடிப் பண்றானுங்கன்னு அந்த ரெஃபரியாண்ட சொன்னீங்களா?"

எல்லோரும் கார்டு சாரைப் பார்த்தார்கள். கார்டு சார் விதிப் புத்தகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா, இது ரூல்ஸ் சம்பந்தப்பட்டது. மேலிடத்துல மாத்தணும்."

"அது சரி" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிவிட்டார்.

ரெஃபரியிடம் சொல்லியும் பயனில்லை என்பது வேறு விஷயம். அவர் ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவர். திரும்பிப் போக ரயிலைப் பிடிக்க வேண்டும். எது எப்படிப் போனாலும் கடிகாரத்தை ஒருநாளும் நிறுத்தமாட்டார். எங்களுக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை.

எங்களிடம் அதிகம் அடிபட்டவர்கள் குப்பத்து டீம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஒரு மீனவக் குப்பம். மணலில் ஆடிப் பழகிய கால்கள். எங்கள் கெட்டித் தரையில் அவர்கள் ஓடினால் பிடிக்க முடியாது. ஆட்டத்தில் அவர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எங்களுக்கு மதில் தேவைப்பட்டது. இன்னொரு வசதியும் இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகக் குப்பம் வரை போகிற கடைசி பஸ் ஆறரைக்கு. மேட்ச் இழுத்துக்கொண்டே போனால் அவர்கள் கண் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே இருக்கும். இருமுறை, முடிவதற்கு முன்பே பாதிப் பேர் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மீதி ஆறு பேரை நாங்கள் வீரத்தோடு எதிர்கொண்டு ஜெயித்திருக்கிறோம்.

அப்படி ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்ட நாலைந்து பேர் தண்ணீர் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனார்கள். நான் அன்று கடைசியாக உதைத்த பந்தை எடுக்கப் போயிருந்தேன். மேட்ச் முடிந்துவிட்டதால் இப்போது சீக்கிரம் நடந்தேன்.

குப்பத்துக் கேப்டன், என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன், செம்பை நிமிர்த்திக் குடித்துவிட்டுச் சொன்னான்: "ஆடவே வுட மாட்டேன்றானுங்கக்கா. தோத்தாக்கூடப் பரவால்ல. ஆடிட்டுத் தோத்தா ராவுக்குத் தூக்கம் வரும்."

அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். எக்ஸ்சேஞ்சில் கால் நேரம் குறிப்பது போலக் கோடு கோடாக எழுதியிருந்தது.

"எழுவது நிமிஷத்துல பந்து உருண்டது முப்பத்தொண்ணு. மீதியெல்லாம் இதோ நிக்கிறாரே, இவுரு நடந்தது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பந்தைப் பார்த்தேன்.

"அக்கா, அவனும் இன்னா பண்ணுவான், சொன்னதத்தான செய்யிறான்" என்றான் குப்பத்துக் கேப்டன். அவன் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் கோப்பை ஒன்று வைத்தார் முதலாளி. அவர் அப்பா பெயரில். இறுதி ஆட்டத்துக்கு எங்கள் டீமும் குப்பத்து டீமும் வந்தன. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு மழைக்காக அக்கா வீட்டுக் கூரையில் ஓடு மாற்றினார்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பந்து கிடைத்தது. போன வருஷம் நான் அடித்துக் காணாமல் போனது. தையல் விட்டு, காற்றில்லாமல், தேங்காய் ஓடு மாதிரிக் கிடந்தது. அக்கா அதைக் கிளப்புக்குத் திருப்பி அனுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் தைக்கக் கொடுத்து, சைக்கிள் கடையில் காற்றடித்து, கிணற்றுத் தட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டத்தன்று முதலாளி சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதிலோரத்தில் கார்டு சாரும் டீக்கடைக்காரரும் ரெஃபரியின் கடிகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் பாதியில் எப்படியோ நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். இரண்டாம் பாதி முழுக்கப் பந்து எங்கள் கோல் பக்கமே இருந்தது. பத்து நிமிஷம் இருக்கும்போது கேப்டன் தலையைச் சொறிந்தார்.

நான் உதைத்தேன். நல்ல உதை, மதிலுக்கு இரண்டு ஆள் உயரத்தில் போயிற்று. எங்கள் ஆட்கள் ஓய்வெடுக்க ஆரம்பித்தார்கள். கோலி படுத்தான். கோலுக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர் உட்கார்ந்து காலில் இல்லாத முள்ளை எடுத்தான். நான் "நானே எடுத்தாரேன்" என்று இரண்டு அடிதான் வைத்திருப்பேன், மதிலுக்கு மேலிருந்து ஒரு பந்து வந்து குப்பத்து ரைட் விங் ஆட்டக்காரன் கையில் நேராக விழுந்தது. அவன் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தான். ரெஃபரி விசிலை ஊதினார், அவருக்கு ரயில். அவன் எறிந்தான். அவர்கள் கேப்டன் வாங்கி ஓடினான். எங்கள் ஸ்டாப்பர் முள்ளை விட்டுவிட்டு எழுவதற்குள் அவனைத் தாண்டிவிட்டான். கோலி படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தான். கோல்.

மதிலோரத்தில் கார்டு சார் எழுந்து நின்று, விதிப் புத்தகத்தைத் தலைக்கு மேலே ஆட்டினார்.

"மதிலாண்ட அடிக்காதடா!" என்று எங்கள் கேப்டன் கத்தினார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மூன்று வருஷமாக என் காலுக்கு வேறொன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே. மூன்று நிமிஷம் கழித்துப் பந்து என் பக்கம் வந்தது; இரண்டு பேர் துரத்தி வந்தார்கள்; பயத்தில் கால் தன் வழக்கப்படி உதைத்துவிட்டது. தூக்கிய காலை நான் தரையில் வைப்பதற்குள் முதலில் மதிலைத் தாண்டிப் போன பந்து திரும்பி வந்தது. எறிதல், ஓட்டம், கோல்.

விசில் ஊதியபோது மணி ஆறு இருபது. குப்பத்துக்காரர்கள் ஆளாளுக்குக் கட்டிக்கொண்டு நிற்க நேரமில்லை. சட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஓடும்போது மதில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். கோப்பை அடுத்த வாரம் ஒரு விழாவில் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் அருமை முதலாளிக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மில் ஆபீஸில் கமிட்டி கூடியது. போட்டி நடத்தியது நாங்கள், புகார் கொடுத்தது நாங்கள், விசாரித்ததும் நாங்களே. புகார் இதுதான்: ஆட்டத்தில் நுழைந்த இரண்டாவது பந்து அங்கீகாரம் இல்லாத பந்து, ஆகவே அது நுழைந்த பிறகு விழுந்த இரண்டு கோலும் செல்லாது.

கார்டு சார் புத்தகத்தை விரித்தார். "ரெஃபரி பாத்துட்டுத்தான் விசில் குடுத்தார். அவர் ஒத்துகினா அது பந்துதான். இதுல இருக்கு, படிக்கவா?"

"அது கெடக்கட்டும் சார்" என்றார் முதலாளி.

டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். "முதலாளி, அது நம்ம கிளப் பந்துங்க. மை வெச்சிப் பேரு எழுதிகீது. நானே பாத்தேன்."

"காணாமப் போன பந்த லிஸ்டுலேர்ந்து அடிச்சாச்சு. அடிச்சப்புறம் அது நம்ம பந்து இல்ல."

இரண்டு மணி நேரம் பேசினார்கள். வாழ்நாள் முழுக்க விதியை மாற்ற வேண்டும் என்று சொன்னவர்கள் அன்று மாற்றக்கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு அதில் பழக்கம் போதவில்லை. கடைசியில் முதலாளி ஒரு டைப் அடித்த காகிதத்தை நீட்டினார். வெளியாள் ஒருவர் மதிலுக்கு மேலிருந்து வேண்டுமென்றே பந்தை வீசி ஆட்டத்தைக் கலைத்ததாகவும், எங்கள் வீரர்கள் குழம்பிப் போனதாகவும், அதைப் பக்கத்தில் நின்று நேரில் பார்த்ததாகவும் எழுதியிருந்தது. வெளியாளின் பெயர் முழுசாக இருந்தது. கீழே என் பெயர்.

"நீதான பக்கத்துல நின்ன?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

"தம்பி, படிச்சிப் பாத்துட்டுப் போடு" என்றார் கார்டு சார்.

படித்துப் பார்த்தேன். இருமுறை படித்தேன். பேனா நன்றாக எழுதியது.

மறு ஆட்டம் புதன்கிழமை என்று முடிவாயிற்று. குப்பத்துக்குத் தபால் அட்டை வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் பதினோரு பேரும் உடை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றோம். எதிர் டீம் வரவில்லை என்று ரெஃபரி எழுதிக் கொடுத்துவிட்டு முந்தைய ரயிலுக்கே போனார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அதே நாளில் முதலாளி எடை குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். அவர் மனைவி கமிட்டி முன்னால் வந்து, தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் எல்லாம் பழையபடி. இல்லையென்றால் பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மில்லிலும் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும். குமாஸ்தா வீட்டுக்குப் போனார். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நடந்ததை மதிலோரம் தனியாக உட்கார்ந்திருந்த கார்டு சார் கேட்டுவந்து சொன்னார்.

"அது வந்து..." என்று எப்போதும்போல ஆரம்பித்திருக்கிறார் குமாஸ்தா. அக்காவும் எப்போதும்போல முடித்துவைக்கப் பார்த்திருக்கிறார்.

"இன்னாய்யா, அரிசி வேணுமா, கெரோசின் தீந்துபோச்சா, உடம்பு சரியில்லியா?"

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டு மெதுவாக விஷயத்தை முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"மூணு நாளா இதத்தான் வாயில வெச்சிகினு இருந்தியா? சரி, நான் போயி எழுதிக் குடுத்துட்டு வரேன். உன் வேல முக்கியம்."

"வேணாம். நான் முடியாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு கேட்டது அக்கா இரண்டு தட்டு எடுத்து வைத்த சத்தம்தான் என்றார் கார்டு சார். அவர் அதைச் சொன்னபோது டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். நான் பாதி டீயை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அக்கா எக்ஸ்சேஞ்சில் மாற்றல் கேட்டு மாமல்லபுரத்துக்கு வாங்கிக்கொண்டார். யாரும் போகப் பிரியப்படாத இடம், அதனால் கேட்டவுடன் கிடைத்தது. குப்பத்துக் கேப்டன் மீன் ஏலக் கூடத்தில் எடை பார்க்கிற வேலைக்குக் குமாஸ்தாவைச் சொல்லிவைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐஸ் ஏற்றிப் போகிற லாரி ஒன்று காலியாக வந்து வீட்டு வாசலில் நின்றது. பந்தாடிய அத்தனை பேரும் அதில் வந்திருந்தார்கள். கட்டில், பீரோ, அண்டா, துணி மூட்டை என்று சத்தமில்லாமல் ஏற்றினார்கள். குமாஸ்தா எதை எங்கே வைப்பது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும் குப்பத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மட்டும், "அந்தக் கயித்தோட அந்த முனையப் பிடி" என்றார். பீரோவை லாரிப் பலகையோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. நான் பிடித்தேன்.

முடிச்சுப் போட்டுக்கொண்டே, மெதுவான குரலில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்.

"அந்தக் காயிதத்தப் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போட்டியா?"

"ஆமாக்கா."

"நான் வேணும்னே ஆட்டத்தக் கலைச்சேன்னு நீயும் நெனைக்கிறியா?"

பதில் ஒன்றும் கடினமானதில்லை. ஒரே வார்த்தை. நான் கயிற்றைப் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்தான். குமாஸ்தா முன் சீட்டில் ஏறிவிட்டார். பின்னால் பையன்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா அவசரப்படவில்லை. நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை மறுபடி இறுக்கினேன்.

"சரி" என்றார் கடைசியில். "கையி செவந்துட்ச்சி பாரு. வுடு, போதும்."

ஏறினார். லாரி திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியது.

மறு ஆட்டத்தால் தள்ளிப்போன கோப்பை விழா அன்று சாயங்காலம்தான். மில் வாசலில் பந்தல், மைக் செட், மாலை. முதலாளி ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். விளையாட்டு என்பது வெற்றி தோல்வி அல்ல, நேர்மை என்றார். எங்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு, பெயர் பொறித்த ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டபோது மட்டும் தோளில் தட்டிக்கொடுத்து, "நல்ல பையன்" என்று மைக்கில் சொன்னார். கார்டு சாரும் டீக்கடைக்காரரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏதோ மெதுவாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பேச்சை முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

டம்ளரைக் காலுக்கடியில் வைத்துவிட்டு நானும் தட்டினேன்.